விதி எண் நான்கும் ஒரு ஜாடித் தண்ணீரும்

உயிரியல் என்ற துறை தோன்றிய நாளிலிருந்து அதற்கு இருந்துவரும் ஒரே தொல்லை உயிர்கள்தான். அவை துள்ளும், கடிக்கும், நாறும், எண்ணிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறி உட்காரும். இந்தத் தொல்லையை அடியோடு ஒழித்து, உயிரியலை ஈரத்துணியால் துடைத்து அலமாரியில் வைக்கத்தக்க துறையாக உயர்த்திய பெருமை மினசோட்டாவில் எங்கள் பர்ச் ஹாலோ நடுநிலைப் பள்ளிக்கே சேரும். அந்தப் பெருமையில் பெரும்பங்கு என்னுடையது. இதை நானே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் சொல்கிற வழியாகத் தெரியவில்லை.

என் பெயர் லைல் எங்கன், உதவி முதல்வர். பஸ் வரிசை, உணவுக்கூட ஒழுங்கு, தொலைந்துபோன கையுறைகள் ஆகிய மூன்று இலாகாக்கள் என்னிடம் உள்ளன. நாலாவதாக, ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் அறிவியல் கண்காட்சியின் ‘பாதுகாப்புப் பரிசீலனைக் குழு’வுக்கு நான்தான் செயலாளர். எனக்கு அறிவியல் தெரியாது, ஆகவே பாரபட்சம் இருக்காது என்று சொல்லி குழுத் தலைவரான முதல்வர் கிளென்னா பிராக்கெட் என்னை நியமித்தார்.

விதி எண் நான்கை எழுதியவன் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாணவன் ‘ஹாம்ஸ்டர் எலிக்கு ஞாபகசக்தி உண்டா?’ என்று ஓர் ஆய்வு செய்து வைத்திருந்தான். எலிக்கு ஞாபகசக்தி இருந்தது. கூண்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அது மறக்கவில்லை. மறுநாள் மதியம் மக்ரோனி பரிமாறும்போதுதான் அது அகப்பட்டது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன்: “காட்சிக்கு வைக்கப்படும் எப்பொருளிலும், செடியோ பிராணியோ கிருமியோ, எவ்வித உயிரும் இருத்தல் ஆகாது.”

பலன் உடனே தெரிந்தது. ரொட்டியில் பூஞ்சை வளர்த்த பிள்ளைகள் ரொட்டியின் புகைப்படத்தைக் கொண்டுவந்தார்கள். இசை கேட்ட அவரைச்செடி, இசை கேட்காத அவரைச்செடி இரண்டும் வேரோடு பிடுங்கப்பட்டு, அட்டையில் பசை போட்டு ஒட்டப்பட்டு, சமமாகக் காட்சியளித்தன. உருளைக்கிழங்கில் மின்சாரம் எடுக்கும் ஆய்வு மட்டும் குழுவைச் சற்றே தடுமாற வைத்தது.

“அதுல முளை விட்டிருக்கு, லைல்,” என்றார் குழுவின் மூன்றாவது உறுப்பினர், ஃபுட்பால் கோச் டுவெய்ன் ஸ்டுப்கா. “முளை விட்டா உள்ள உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?”

“வேக வெச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க,” என்றார் முதல்வர்.

வேகவைத்த கிழங்கில் பல்பு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. உயிரை எடுத்துவிட்டால் அறிவியல் சுடர்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பள்ளியில் மேரிட் டோலன் என்ற ஏழாம் வகுப்புப் பெண் இருந்தாள். ரப்பர் பூட்ஸ், காலியான ஐஸ்கிரீம் வாளி, ஓரம் நனைந்த நோட்டு. விளையாட்டுத் திடலுக்குக் கீழே பள்ளிக்குச் சொந்தமான குளம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக, பனி உருகிய நாளிலிருந்து, மதிய இடைவேளையில் அவள் அங்கேதான் நிற்பாள். எத்தனை தவளை கத்துகிறது, எங்கே முட்டை போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். யாரும் அவளை அதற்கு அனுப்பவில்லை. மதிப்பெண்ணும் கிடையாது. இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்துக்கு இடமாகப் பட்டது.

அதே திடலில் கோச் ஸ்டுப்கா வேறோர் உயிரோடு போரிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் புழு. அது புல்லின் வேரைத் தின்னும். போன இலையுதிர் காலத்து முக்கியமான ஆட்டத்தில் புல் பாய் மாதிரி சுருண்டு வந்து, எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டி எதிரணியின் பெஞ்சு வரை சறுக்கிப் போய்விட்டான். ஊரே கொதித்தது. பெற்றோர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பான்கேக் சுட்டு விற்று, புழு மருந்துக்கு ஏற்பாடு செய்தது. மே மாதத்தில் இரண்டு தடவை அடிப்பதாகத் திட்டம்.

ஏப்ரலில் மேரிட் முதல்வர் அறைக்கு வந்தாள். கையுறைப் பெட்டியோடு நானும் அங்கே இருந்தேன்.

“மேடம், அந்த மருந்து மழை பெஞ்சா நேரா குளத்துக்குத்தான் வரும். இப்பத்தான் தவளை முட்டை போட்டிருக்கு. அடிக்க வேணாம்னு சொல்லுங்க.”

எங்கள் ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேரேயும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. ‘சுவாரசியமா இருக்கே’ என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

“ரொம்ப சுவாரசியமா இருக்கே, கண்ணு,” என்றார் முதல்வர்.

அவள் கிளம்பவில்லை. நின்றாள். முதல்வர் புன்னகையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

“நீ சொல்றத மட்டும் வெச்சு நான் எதையும் நிறுத்த முடியாதில்லையா? ஆதாரம் வேணும். பொறுப்புள்ள பெரியவங்க பாத்து, கையெழுத்து போட்ட ஆதாரம்.”

“யாரு கையெழுத்து போட்டாலும் சரியா, மேடம்?”

“பொறுப்புள்ளவங்களா இருக்கணும்.”

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் காலத்தில் அபூர்வம் என்று நான் மனதுக்குள் மெச்சினேன்.

மே மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, குழு கூடியது. மேரிட் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி நிறையக் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தலைப்பு: ‘எங்கள் குளத்தில் குடியிருப்பவர்கள்’. ஜாடி முழுக்க அசைந்துகொண்டிருந்தது. விதி நான்கை இவ்வளவு பகிரங்கமாக மீறிய பாத்திரத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரே வரியில் நிராகரித்திருக்கலாம். ஆனால் நான் அரைகுறை வேலை செய்கிறவன் அல்ல. பின்னால் பெற்றோர் யாரும் கேள்வி கேட்டுவிடாதபடி, குற்றத்தை இனம் பிரித்து, எண்ணிக்கையோடு பதிவு செய்வதென்று தீர்மானித்தேன். மேரிட் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, நான் எழுதினேன். பெற்றோர் சங்கம் வாங்கிக்கொடுத்து, பழுதாகிவிடக் கூடாதே என்று உறையோடு பூட்டி வைத்திருந்த நுண்ணோக்கியையும் அன்றுதான் முதல் தடவையாக வெளியே எடுத்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. கடிதம் இப்படி அமைந்தது:

“பள்ளிக் குளத்தின் மதகோரம் எடுக்கப்பட்ட மேற்படி ஜாடியில், தலைப்பிரட்டை 41, நத்தை 6, தட்டான் குஞ்சு 3, நீர்வண்டு 2, தண்ணீர்த் தெள்ளு எண்ணிலடங்காதவை (செயலாளர் முந்நூறோடு நிறுத்திக்கொண்டார்). நுண்ணோக்கியில் பார்த்த ஒரு சொட்டில் மட்டும் 26 உயிர்கள். அவற்றுள் ஒன்று செயலாளரை நோக்கி முன்னேறியது. அளவுக்கு மீறிய உயிர் காணப்படுவதால் இக்காட்சிப்பொருள் நிராகரிக்கப்படுகிறது.”

மூவரும் கையெழுத்திட்டோம்.

“தேதி போட்டீங்களா, சார்?” என்று மேரிட் கேட்டாள். போட்டேன். முத்திரையும் குத்தினேன்.

அவள் ஜாடியைச் சுமந்துகொண்டு போய், எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் திரும்ப விட்டாள். பஸ் வரிசையில் நின்றபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் தேதி, சனிக்கிழமை, கோச் ஸ்டுப்கா திடல் முழுக்க மருந்து அடித்தார். எட்டாம் தேதி நாள் முழுவதும் மழை.

பத்தாம் தேதி மறுபரிசீலனை. மேரிட் அதே ஜாடியைக் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. வசந்த காலம், மகரந்தம், பாவம் ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டேன்.

“அதே மதகோரம் எடுத்த தண்ணிதான், சார். இப்ப விதி நாலுக்கு ஏத்த மாதிரி இருக்கும்.”

நாங்கள் லேசில் ஏமாறுகிறவர்கள் அல்ல. கோச் ஜாடியைக் குலுக்கிப் பார்த்தார். முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அடியில் சில நத்தை ஓடுகள் கிடந்தன. அவை காலி. நான் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, ஆறு சொட்டு பார்த்தேன். என்னை நோக்கி எதுவும் வரவில்லை.

“நல்லா பாருங்க, சார்,” என்றாள் மேரிட். “எங்கயாவது ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க.”

அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

“கவலப்படாத. ஒண்ணுகூட இல்ல.”

உயிர் இல்லை என்பதற்கான சான்றிதழ், படிவம் ஏழு, வழங்கப்பட்டது. “பள்ளிக் குளத்து மதகோரம் எடுக்கப்பட்ட இந்தத் தண்ணீரில் எவ்வித உயிரும் இல்லை என்று குழு நேரில் ஆராய்ந்து மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது.” தேதி, முத்திரை, மூன்று கையெழுத்து. முதல்வர் அதன் ஓரத்தில் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்து, ‘மிகச் சிறப்பு! மற்ற மாணவர்களும் பின்பற்றவும்’ என்று தன் கைப்பட எழுதினார். கோச் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். விதி நான்குக்கு இவ்வளவு பரிபூரணமாகப் பணிந்த காட்சிப்பொருள் அதுவரை வந்ததில்லை.

பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, கண்காட்சி. மறுநாள் மீன்பிடி பருவம் தொடங்குகிறது. ஆகவே ஊர் ஆண்கள் பெண்கள் எல்லோரும் தூண்டில் முள் குத்திய தொப்பியோடு, படகை வண்டிக்குப் பின்னால் கட்டியபடியே வந்திருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் நீர்த்த காப்பி, ஓட்ஸ் பார், வேகவைத்த உருளைக்கிழங்கின் வாசனை. நான் மேஜை மேஜையாக உயிர் இல்லாததை உறுதிசெய்துகொண்டு போனேன். கடைசி மேஜையில் மட்டும் கூட்டம் நின்றது.

மேரிட்டின் மூன்று மடிப்பு அட்டையில் அவள் எழுதியது மிகக் குறைவு. இடது மடிப்பில் எங்கள் நிராகரிப்புக் கடிதம். வலது மடிப்பில் சிரிக்கும் முகத்தோடு எங்கள் சான்றிதழ். நடுவில் இரண்டே வரி: “மே 7, திடலுக்குப் புழு மருந்து. மே 8, மழை. அடுத்த மருந்து: மே 16, திங்கள்.” அட்டைக்கு முன்னால் அந்த ஜாடி.

முதல்வர் வேகமாக வந்தார். “இத எடுத்துடலாமே, கண்ணு. மத்தவங்க மனசு சங்கடப்படும் பாரு.”

மேரிட் நோட்டைத் திறந்து ஏப்ரல் பக்கத்தைக் காட்டினாள்.

“பொறுப்புள்ள பெரியவங்க பாத்து, கையெழுத்து போட்ட ஆதாரம் வேணும்னு சொன்னீங்க, மேடம். மூணு பேர் போட்டிருக்காங்க.”

முதல்வர் என்னைப் பார்த்தார். விதிகள் முழுவதையும் நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவள் ஒன்றைக்கூட மீறியிருக்கவில்லை. கோச் ஸ்டுப்கா ஜாடியைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். “நான் வெள்ளப் புழுவுக்குத்தான...” என்று ஆரம்பித்தார். ஜாடியை மெல்லத் திரும்ப வைத்தார்.

அப்போது ஹார்லன் விக், ஊரில் எல்லோர் வீட்டுக் குழாயையும் பழுது பார்க்கிற மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, இந்தக் குளத்துத் தண்ணி எங்க போகுது?”

“ஓடைக்குப் போகுது, மிஸ்டர் விக். மதகுக்கு அந்தாண்ட நாணல்ல இன்னும் கொஞ்சம் தவளை மிச்சம் இருக்கு. அதத் தாண்டி ஏரிக்குப் போகுது.”

விக் இடது மடிப்பை முழுக்கப் படித்தார். வலது மடிப்பை முழுக்கப் படித்தார். பிறகு எங்கள் மூவர் பக்கம் திரும்பினார்.

“சுவாரசியமா இருக்கே,” என்றார்.

பின்னால் நின்றவரும் சொன்னார். அவர் மனைவியும் சொன்னார். கூடம் முழுக்க ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். எங்கள் ஊரில் கல்லெறிவது என்றால் அதுதான். ஆனால் யாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை. திங்கட்கிழமை மருந்து நிறுத்தப்படுவதாக முதல்வர் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுதான் காப்பிப் பக்கம் போனார்கள். மேரிட் மட்டும் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு பெரிய வெற்றிக்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நாற்பத்தொரு தலைப்பிரட்டைகளையும் அவளோடு சேர்ந்து எண்ணியவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

நடுவர்கள் மேரிட்டின் அட்டைக்கு நீல ரிப்பனைக் குத்தினார்கள். எல்லா அட்டைகளிலும் அடியில் ‘சோதனையைச் செய்தவர்’ என்று ஓர் இடம் உண்டு. அப்பா அம்மா ஒட்டித் தந்ததற்கெல்லாம் பிள்ளைகள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் இடம் அது. மேரிட் பொய் எழுதவில்லை. “சோதனையைச் செய்தவர்கள்: ஜி. பிராக்கெட், டி. ஸ்டுப்கா, எல். எங்கன். உற்றுப் பார்த்தது மட்டும்: மேரிட் டோலன்.” ரிப்பன் சோதனையைச் செய்தவர்க்கே உரியது என்பது விதி எண் ஒன்பது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். அவள் ரிப்பனை என் கையில் கொடுத்துவிட்டு, ஜாடியையும் கொடுத்தாள்.

இரண்டும் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. தினமும் காலையில் பஸ் வரிசையை முடித்துவிட்டு வந்ததும் ஜாடிக்குள் குனிந்து பார்க்கிறேன். விதி எண் நான்கு இன்றுவரை மீறப்படவில்லை.