வட்டத்துக்குத் தலை இல்லை

இராகுலனின் பெயர் உச்சியில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வியர்த்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்துச் சீமெந்துக் களஞ்சியத்தில் லொறிகளின் நிறையைப் பதிவது அவன் வேலை. சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதிய விண்ணப்பத்தில் பதினெட்டுப் பேரும் கையெழுத்து வைத்தாயிற்று. தொடக்கத்தில் முதல் பெயரைப் போட ஒருவருக்கும் துணிவிருக்கவில்லை. போன வருடம் இப்படிக் கேட்ட சுகிர்தனை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் கூட வேலை செய்யும் ஷிஃபானா ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறி, சுற்றிவரக் கையெழுத்து வைக்கச் சொன்னாள்.

"வட்டத்துக்குத் தலை இல்ல அண்ணன். ஆரு முதல் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

வட்டத்துக்கு இல்லைதான். கடதாசிக்கு இருக்கிறதே! 'வேலை செய்யும் ஒவ்வொருவரும் அந்தச் சம்பளத்தில் வாழ முடிய வேண்டும்' என்று அச்சடித்த வரிக்கு நேர் கீழே, மணிக்கூட்டில் பன்னிரண்டு நிற்கும் இடத்தில், இராகுலன்.

"ஷிஃபானா, என்ர பேரைக் கொஞ்சம் பக்கத்தால தள்ள ஏலாதா?"

"என்ன அண்ணன் கதைக்கிறீங்க? அந்த வரியைச் சொன்னதே நீங்கதானே! தேத்தண்ணி போடுற அக்காவையும் சேர்க்கவேணும், ஒருத்தரையும் விடக்கூடாது எண்டதும் நீங்கதான்."

சொன்னான்தான். சாப்பாட்டு நேரத்தில் வாய் நிறையச் சோற்றோடு சொல்வதற்கு என்ன பயம்? இந்தச் சம்பளம் போதாமல்தான் பின்னேரங்களில் உப்புவெளி விடுதியொன்றில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறான். போதாத சம்பளமும் போய்விட்டால் மனைவி ஜெயரூபிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்வது?

ஷிஃபானா விண்ணப்பத்தை அவனிடமே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். உடனே சவரப் பிளேட்டால் தன் பெயரைச் சுரண்டினான். பெயர் போனது. கடதாசியும் மெலிந்து, தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகத் துறைமுகமே தெரிந்தது.

அதை மறைக்க வெள்ளை டிப்பெக்ஸ் மை பூசினான். அவசரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டிவிட்டது. இனி அந்தக் கடதாசியைப் பார்ப்பவர் வெள்ளைத் திட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். அதை மங்க வைக்கத் தேத்தண்ணியைத் தொட்டுத் தடவினான். கடதாசி முழுவதும் பழுப்பானது. திட்டு மட்டும் முன்னையிலும் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

வாசலில் சப்பாத்துச் சத்தம். மனேஜர் தனஞ்சயன்! கைக்கு அகப்பட்ட கோப்புக்குள் கடதாசியைச் செருகினான்.

"இண்டைய நிறைக் கோப்பு எங்க, ராகுலன்?"

"இ... இப்ப அனுப்புறன் சேர்."

அவர் அறைக்குள் போனார். தேத்தண்ணி கொண்டுவந்த கமலாதேவி அக்கா கடதாசி செருகிய அந்தக் கோப்பையும் மேசையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"அக்கா! அது வேண்டாம் அக்கா!"

"நிறைக் கோப்புத்தானே தம்பி? சேர் கேட்டவரல்லோ."

மனேஜர் அறைக் கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. விண்ணப்பத்தில் பெயரை அழித்தாயிற்று. கோப்பின் மட்டையிலோ 'இராகுலன்' என்று கொட்டை எழுத்தில் அவனே எழுதி வைத்திருக்கிறான்!

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். மனேஜர் கடதாசியைத் தூக்கிப் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு பேனையை எடுத்தார். வேலை நீக்கக் கடிதம்தான், சந்தேகமில்லை. ஜெயரூபியிடம் எப்படித் தொடங்குவதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தான்.

கமலாதேவி அக்கா வெளியே வந்தாள்.

"அக்கா... என்னை நிப்பாட்டிட்டாரா?"

"உன்னை ஏன் நிப்பாட்டுறார்? 'எனக்கும்தான் இந்தச் சம்பளம் காணாது, பாவங்கள், எனக்கெண்டு ஒரு இடமும் விட்டிருக்குதுகள்' எண்டு சொல்லி அந்த வெள்ளையில கையெழுத்து வைச்சிட்டார் தம்பி. இப்ப, பதினெட்டுப் பேரில பதினேழு பேர்தான் இருக்காம், எங்களோட சேராத அந்த ஒருத்தன் ஆரெண்டுதான் பேர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்."