தண்ணீரைப் பிரித்த குமிழி சார்

தண்ணீரைக் கண்டால் நமக்குக் குடிக்கத் தோன்றும், குளிக்கத் தோன்றும், பெருமாளுக்குத் தீர்த்தமாக எடுத்து வைக்கத் தோன்றும். அதைப் பிரித்துப் பார்த்தே தீருவேன் என்று நின்ற மனிதர் ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரத்திலும் ஒருவர்தான். எங்கள் அபார்ட்மெண்ட் குமிழி சார்.

பாய்லர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயரானவர்கள் கோயிலுக்குப் போவார்கள், அல்லது மருமகளிடம் குறை கண்டுபிடிப்பார்கள். இவரோ மொட்டை மாடியில் சோலார் பலகையை வைத்து, அதன் கரண்டை இரண்டு தகடு வழியாகத் தண்ணீருக்குள் விட்டு, கிளம்பும் குமிழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் வரும் குமிழி ஹைட்ரஜனாம். பிடித்து அடுப்பெரிக்கலாமாம். புகை கிடையாது, கரி கிடையாது. பத்தாவதோடு நின்ற எனக்கு அவர் இதை விளக்கியதில் என் காபிதான் பல நாள் ஆறிப்போனது.

"குடும்பத்தைப் பிரிக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நான் தண்ணியைப் பிரிக்கிறவரைக் கட்டிக்கிட்டேன்" என்பார் அவர் மனைவி.

இந்த வேலைக்கு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர்தான் ஆகும். அவர் கேட்டால்தானே! "பெருமாளுக்குத் தளிகை பண்ணப்போற அடுப்புங்க. காவேரித் தண்ணிதான்" என்று அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து குடத்தில் சுமந்தார். காவேரித் தாயார் தன் உப்பையும் சேற்றையும் தகட்டில் அப்பிவிட்டுப் போனாள். அவர் குத்துவிளக்கைப்போல அதைப் புளி போட்டுத் தேய்த்தார்.

அசோசியேஷன் செகரட்டரி பேங்க்கில் இருந்தவர். கெடு வைத்தே பழகியவர். "கூடாரவல்லிக்கு இதுல அக்காரவடிசல் வச்சுக் காட்டுங்க. வெந்தா இங்கேயே இருக்கட்டும். வேகலைன்னா மறுநாளே காயலான் கடை. வெடிச்சுத் தொலைஞ்சா யாருங்க பதில் சொல்றது?"

மார்கழியில் சூரியனே கம்பளிக்குள்ளிருந்துதான் எட்டிப் பார்க்கிறான். கிடைத்த வெயிலில் குமிழி குமிழியாகச் சேர்த்தார். தண்ணீரில் கவிழ்த்திருந்த டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பியது. கூடவே இவரும் ஒரு சுற்றுப் பெருத்ததுபோல் தெரிந்தது.

கூடாரவல்லியன்று வெயில் ஏறியதும் மொத்தக் குடித்தனமும் மாடியில். வெண்கலப் பானையில் பால் வைத்து, குமிழி சார் அடுப்பைப் பற்ற வைத்தார்.

"தீ எங்க சார்?" என்றார் செகரட்டரி.

"எரியுதுங்க. பகல்ல கண்ணுக்குத் தெரியாது. சுத்தமான தீ."

"தெரியாததை நம்பணுமா? நம்ம பெருமாளே நல்லாத் தெரியற மாதிரி படுத்திருக்காருய்யா!"

குனிந்து தேடிய செகரட்டரியின் துண்டு நுனி பொசுங்கியது.

"இப்ப தெரியுதுங்களா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார் குமிழி சார்.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கும்பிட்டோம். அரிசியைக் களைந்து போட்டதுதான் தாமதம், டிரம் தரைதட்டி உட்கார்ந்துவிட்டது. அடுப்பு அணைந்தது. அரிசி, அரிசியாகவே இருந்தது.

"நாளைக்கு ஆள் வரும்" என்றார் செகரட்டரி.

வாய் ஓயாத குமிழி சார் வழிந்த பாலைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் மனைவிதான் முன்னால் வந்தாள். "என்ன சார் சொல்றீங்க? பால் பொங்கின அடுப்பை மறுநாளே பிரிப்பாங்களா? அதுவும் கூடாரவல்லியில? கட்டடத்துக்கே ஆகாதுங்க!"

செகரட்டரி ராஜகோபுரத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். விஞ்ஞானம் ஏறாத மண்டையில் சாஸ்திரம் சட்டென்று ஏறியது. "சரி சரி, இருந்துட்டுப் போகட்டும்."

வடிசல் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் வெந்தது. செகரட்டரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றும் மாடிக்குத் துணி உலர்த்தப் போகும் என் மனைவி, தன் நிழல் அந்தப் பலகைமேல் விழாமல் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாள். நானும்தான்.