நொட்டாங்கைத் துப்பாக்கி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், காலை பதினொரு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரைக்கும், நான் இடக்கைக்காரனாக இருந்திருக்கிறேன். பிறவியில் நான் வலக்கைக்காரன். அந்த மூன்று மணி நேரத்துக்கான தண்டனையை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போனதால் வந்தது. (பதற வேண்டாம். லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டல்தான். பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கிற காகித அட்டையைச் சுடுவது. அதையும் நான் அடிக்கடி தவறவிடுவேன்.)

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்கிற நீலமும் நம் சாயப்பட்டறை தருகிற நீலமும் ஒன்றுதானா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. நாற்பது வயதில் ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர், "மனசு ஒரு இடத்துல நிக்கிற மாதிரி ஏதாச்சும் பழகுங்க" என்றார். யோகா வகுப்பில் தூங்கிவிட்டேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது ஒரு மலிவான பிஸ்டல். ஒவ்வொரு முறையும் மடக்கி, அழுத்தி, குண்டு போட வேண்டும். சுட்டால் எலிப்பொறி விழுகிற மாதிரி சத்தம் வரும், கையும் ஒரு துள்ளு துள்ளும். ஒரு வருஷம் அதை வைத்துச் சுட்டேன். என் மதிப்பெண் ஏறவே இல்லை. குறை என்னிடம் இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. அடுத்த துப்பாக்கி வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன்.

என் பட்ஜெட் ஒரு சுமாரான பழைய ஸ்கூட்டரின் விலை. அதற்குள் எது நல்லது? துணிக்கு காஸ்ட்டிங், அதாவது செலவுக் கணக்கு, போடுவது போலவே லேப்டாப்பில் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். எடை, விரலால் இழுக்கிற விசை, பிடி, ரிப்பேருக்கு ஆள் உண்டா, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். நம் நாட்டில் செய்தது பட்ஜெட்டுக்குள் வந்தது, ஆனால் அதன் விசை எங்கள் வீட்டு கேஸ் அடுப்புத் திருகு மாதிரி முரண்டு பிடித்தது. வெளிநாட்டுப் புதுசு வாங்க வேண்டுமானால் ஸ்கூட்டர் போதாது, காரையே விற்க வேண்டும். மிச்சம் இருந்தது வெளிநாட்டுப் பழசு. மூன்று மாதம் ராத்திரியும் பகலும் அதே பேச்சாக இருந்தேன்.

என் மனைவி சுகந்தி ஒருநாள் அட்டவணையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, என்னையக் கட்டறதுக்கு முன்னால இதுல பாதிகூட விசாரிக்கலியே நீங்க."

அந்தச் சமயத்தில்தான் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. தாராபுரத்தில் ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் ஒருவர், பெயர் ஸ்டெல்லா, தன் ஏர் பிஸ்டலை விற்கிறார். வெளிநாட்டுச் சரக்கு, பத்திரமாக வைத்திருந்தது. விலை என் அட்டவணையின் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி: "இடக்கைப் பிடி. இடக்கைக்காரர்களுக்கு மட்டும் தரப்படும்."

இந்த மாதிரித் துப்பாக்கிக்குப் பிடி மரத்தில் இருக்கும். விரல்களும் உள்ளங்கையும் அச்சாகப் பொருந்துகிற மாதிரி குழிகுழியாகச் செதுக்கியிருப்பார்கள். இடக்கைப் பிடியை வலக்கையால் பிடிப்பது, இடதுகால் ஷூவை வலதுகாலில் மாட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. அதனால்தான் விலை குறைவு. ஆனால் பிடியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம் என்று நான் படித்திருந்தேன். மண்ணரையில் எங்கள் கம்பெனிக்குக் கட்டிங் டேபிள் செய்து தருகிற தச்சர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் ஒரு வாரத்தில் வலக்கைப் பிடி தயார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போன் செய்தேன்.

"தம்பி, நீங்க நொட்டாங்கைங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமாங்க."

"பொறந்ததுல இருந்தேங்களா?"

"பொறந்ததுல இருந்தேங்க." (இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.) "எங்க குடும்பத்துலயே நெறையப் பேருங்க."

"அப்படிங்களா! ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்கு வாங்க தம்பி. ஊட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நம்மூட்டுலதான் சாப்பாடு."

ஞாயிறு காலை நானும் சுகந்தியும் பைக்கில் கிளம்பினோம். வழியில் கொடுவாயில் டீ குடிக்க நிறுத்தினேன். அங்கேதான் அவளிடம் திட்டத்தைச் சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன். டீ கிளாஸை இடக்கையில் பிடித்து ஒத்திகை பார்த்தேன். பாதி டீ சட்டைக்குப் போனது.

சுகந்தி தன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். "அந்த டீச்சரம்மா ஏன் நொட்டாங்கைக்காரருக்கு மட்டும்னு சொல்றாங்கன்னு கேட்டீங்களா?"

"அது எதுக்கு நமக்கு?"

அவள் கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டெல்லா டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், விசில் இல்லாமலே ஒரு மைதானத்தை நிறுத்திவிடக்கூடிய குரல். இடது தோள் இறுகிப் போய் கையைத் தூக்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றார். மேசையில் துப்பாக்கிப் பெட்டி திறந்திருந்தது. நான் மூன்று மாதம் படத்தில் பார்த்து ஏங்கியது நேரில் இன்னும் அழகாக இருந்தது.

"வாங்கறவங்க பேரு, விலாசத்த இதுல எழுதிருங்க தம்பி" என்று ஒரு நோட்டையும் பேனாவையும் இடதுபக்கமாக நீட்டினார். நான் எழுதினேன். எழுதி முடித்தபோது அந்தப் பக்கம் நெஞ்சுவலிக்காரருக்கு எடுத்த ஈ.சி.ஜி. போல இருந்தது.

"பைக் ஓட்டிட்டு வந்ததுல கை நடுங்குதுங்க" என்றேன்.

"பரவால்லீங்க. அவசரமில்ல, சாப்புட்டுப் பேசலாம்."

சாப்பாட்டு மேசையில் கோழிக்குழம்பு, வறுவல், ரசம். நான் பழக்கத்தில் வலக்கையைத் தட்டுக்குக் கொண்டுபோனேன். டீச்சர் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார்.

"நம்மூட்டுல அந்தச் சங்கடமே வேண்டாமுங்க தம்பி. எந்தக் கை வருதோ அந்தக் கையில சாப்புடுங்க. யாரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க."

வேறு வழியில்லை. இடக்கையால் சோற்றைப் பிசைந்தேன். வாயைத் தேடிப் போன முதல் கவளம் மூக்கைக் கண்டுபிடித்தது. கோழித் துண்டு விரலிலிருந்து நழுவி டம்ளருக்குள் குதித்தது. ரசம் முழங்கை வழியாக இறங்கிப் பேன்ட்டுக்குள் போனது. சுகந்தி எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் தட்டை மட்டும் பார்த்து, மிக மிக மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

டீச்சர் என் அவதியைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"உங்களையும் அடிச்சுத்தான் மாத்துனாங்களா தம்பி? எனக்கு மூணாங்கிளாஸ்ல ஸ்கேல்ல அடிச்சாங்க. இந்த விரல் மொளியிலேயே அடிப்பாங்க. ஊட்டுல எங்கம்மா நொட்டாங்கையத் துணியில கட்டிப்போட்டு சோறு போடுவாங்க. கத்தரிக்கோல்ல இருந்து பள்ளிக்கூடத்து பெஞ்சு வரைக்கும் எதுவுமே நமக்குன்னு செஞ்சதில்லீங்களே. நாப்பத்தஞ்சு வயசுல இந்தத் துப்பாக்கி வந்துது. பிடியப் புடிச்சேன் பாருங்க, என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துது. ஊட்டுக்குள்ள போயி கதவச் சாத்திட்டு அழுதேனுங்க."

நான் டம்ளருக்குள் கிடந்த கோழித் துண்டை இடக்கையாலேயே எடுக்கப் பார்த்தேன்.

"ஒம்போது பேரு கேட்டாங்க தம்பி. பிடியக் கழட்டி வீசிட்டு வேற மாட்டிக்கறம்னாங்க. குடுக்கலீங்க நான். நம்மள மாதிரி ஒருத்தர் கைக்குப் போகட்டும்னு இருந்தேன்."

மண்ணரைத் தச்சருக்கு அப்போதே தகவல் தெரிந்து அவர் ஊரைக் காலி செய்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்ல அதுதான் சரியான நேரம். நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். டீச்சர் விடவில்லை. "ஒரு அஞ்சு குண்டாச்சும் சுட்டுப் பாக்காம எப்படீங்க?" வீட்டுக்குப் பின்னால் தேங்காய் போட்டுவைக்கிற நீளமான ஷெட். அதன் கடைசியில் கனத்த பலகை, அதில் அட்டை. அட்டைக்கு மேலே வெளிச்சத்துக்கு ஒரு குண்டு பல்பு தொங்கியது. டீச்சரும் சுகந்தியும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

இடக்கையால் துப்பாக்கியைத் தூக்கினேன். பழக்க தோஷத்தில் இடக்கண்ணை மூடினேன். தப்பு என்று தோன்றியதும் வலக்கண்ணை மூடினேன். இடக்கண்ணைத் திறக்க மறந்துவிட்டேன். அந்த விசை என் பழைய எலிப்பொறி மாதிரி இல்லை, விரல் பட்டாலே போதும். பட்டது. "டப்" என்று ஒரு சத்தம், தொடர்ந்து கண்ணாடி உதிர்கிற சத்தம். கண்ணைத் திறந்தேன். ஷெட் இருட்டாக இருந்தது.

முதலில் கேட்டது சுகந்தியின் சிரிப்பு. சாப்பாட்டு மேசையிலிருந்து அடக்கிவைத்திருந்த அவ்வளவையும் சேர்த்துச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து துப்பாக்கியை வாங்கி, குண்டு இல்லை என்று சரிபார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சருங்க," என்றேன், "நான் சோத்தாங்கைங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "உங்களுக்காகத்தாங்க தம்பி கோழி அடிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

சுகந்தியின் சிரிப்பு நின்றிருந்தது. "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒருக்கா அதப் புடிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கையை நீட்டினாள்.

நீட்டியது இடக்கை.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். "நீ நொட்டாங்கையா அம்மணி?"

"ஊட்டுல காய் நறுக்கறப்ப மட்டுமுங்க. எங்கம்மா சோத்தையும் எழுத்தையும் மாத்திட்டாங்க. கத்திய மட்டும் உட்டுட்டாங்க."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அவள் இடக்கையால் காய் நறுக்குவதை நான் கவனித்ததே இல்லை. நான் பொரியலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இடக்கைக்காரருக்கு மட்டும் என்று விளம்பரம் வந்த அன்று, அதைச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இத்தனை பொய்யும் ரசமும் தேவைப்பட்டிருக்காது.

டீச்சர் வேறு பல்பு கொண்டுவந்து மாட்டச் சொன்னார். (ஸ்டூலில் ஏறி மாட்டியது நான். வலக்கையால்.) சுகந்தியின் விரல்களைப் பிடியின் குழிகளில் ஒவ்வொன்றாக அவரே வைத்தார். சுகந்தி கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "ஏனுங்க டீச்சர், இது பாட்டுக்கு வந்து கையில உக்காந்துக்குதே" என்றாள். பிறகு ஐந்து முறை சுட்டாள். நடுப்புள்ளியில் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் ஐந்தும் இடதுபக்கக் கீழ்மூலையில், ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக விழுந்திருந்தன. ஒரு வருஷத்தில் என் அட்டைகளில் அப்படி ஒரு நெருக்கம் வந்ததில்லை.

டீச்சர் அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உனக்கு வேணுமா கண்ணு?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் சுகந்தி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

"வேணுமுங்க" என்றாள்.

நோட்டில் நான் எழுதியிருந்த ஈ.சி.ஜி.யை டீச்சர் ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே சுகந்தி தன் பெயரை எழுதினாள். பணம் என் போனிலிருந்து போனது. திரும்புகிற வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். குண்டடம் ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை, "பள்ளத்துல உடாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கிளப்புக்குப் போகிறோம். டீச்சர் மாதத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி வந்து சுகந்தி சுடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். எனக்கும் வணக்கம் சொல்வார். நான் சுடும்போது பல்புக்குக் கீழே மட்டும் நிற்க மாட்டார். நான் இன்னமும் எலிப்பொறியை மடக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த துப்பாக்கி பற்றி வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

கதையை என் மைத்துனனிடம் சொன்னது சுகந்திதான். அன்றிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும் அவன் பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வான். இலை போடுகிறவரைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "எங்க மாமனுக்கு எலையத் திருப்பிப் போடுங்க, அவரு நொட்டாங்கைங்க" என்பான். பந்தியே சிரிக்கும். தெரியாதவர்களுக்காக அவன் கதையை முதலிலிருந்து தொடங்குவான். ஒவ்வொரு தடவையும் நான் உடைத்த பல்புகளின் எண்ணிக்கை கூடும்.

போன மாதம் நல்லூரில் ஒரு காதுகுத்து. இலை போட வந்தவர் அவன் சொன்னதை நிஜமாகவே நம்பி, என் இலையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சுற்றியிருந்த சொந்தபந்தமெல்லாம் என் இலையைக் காட்டிக் காட்டிச் சிரித்தது. எனக்கு அடுத்த இலையில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். தன் அம்மாவும் பெரியம்மாக்களும் எதிர்வரிசையில் இருக்க, முதல் தடவையாக, இடக்கையால் நிதானமாகச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. நான் இலையைத் திருப்பவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.