பென்டிரைவ் முசியே

எங்கள் உப்பளம் பேட்டையின் உப்புக்காற்றில் துருப்பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: பென்டிரைவ் முசியேவின் பிடிவாதம்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால் எங்களுக்கு அவர் 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். இவர் மட்டும் கழுத்தில் தாயத்து மாதிரி பென்டிரைவ்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவைச் சுற்றுவார். யாராவது "சிஸ்டம் ஸ்லோவா கீது" என்று முனகினால் போதும், வாசலில் நிற்பார்.

"போன்ழூர்! லினக்ஸ் போட்டுர்லாமா?"

இரண்டு வீட்டார் இவருக்குப் பயந்தே கம்ப்யூட்டரை விற்றுவிட்டார்கள்.

நான் மாட்டிக்கொண்டேன். என் டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறாது என்று கைவிரித்துவிட்டார்கள். புதிது வாங்க வக்கில்லை. கடையை மூட வேண்டியதுதான் என்றிருந்தபோது முசியே வந்தார், விண்டோஸைத் தூக்கிவிட்டு இலவச லினக்ஸைப் போட்டார். கம்ப்யூட்டருக்குப் புது உயிர் வந்தது. ஆனால் பிரிண்டர் எங்களை யாரென்றே தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால், பழைய தமிழ் எழுத்துரு இல்லாமல் மணமகன் பெயர் முழுக்கக் கமாவும் கேள்விக்குறியும்.

"மாப்ள பேர்ல இத்தினி கேள்விக்குறி இருந்தா பொண்ணு வீட்ல ஓடிடுவாங்க" என்றாள் என் மனைவி செல்வி.

"முசியே, பழசையே போட்டுடுங்க" என்று கெஞ்சினேன்.

"பின்வாங்குறது நம்ம ரத்தத்துலயே கெடையாது தம்பி."

"அப்ப பிரிண்டர்?"

"அது எதிரி."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிடுவார். பிரிண்டரைப் பிரெஞ்சில் திட்டுவார், தமிழில் சமாதானம் பேசுவார். செல்வியின் காபியைக் குடித்துவிட்டு மறுபடி போருக்குப் போவார். எங்கிருந்தோ ஒரு பழைய சி.டி.யைத் தோண்டி எடுத்து எழுத்துருக்களை ஏற்றினார். கடைசியில் ஒரு காலை பிரிண்டரும் பணிந்தது; பத்திரிகை ஒரு பிழைகூட இல்லாமல் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார்கள். கடை பிழைத்தது. மனுஷனுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

முசியே பிரிண்டருக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு கேரியரை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் ஓடுது. இனிமே எனக்கு இங்க இன்னா வேல?"

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் கடையைத் திறந்ததும் பிரிண்டர் கேபிளை நானே உருவிவிட்டு, அவருக்குப் போன் போட்டேன்.

"முசியே, மறுபடி மக்கர் பண்ணுது!"

பறந்து வந்தார். தொங்கிக்கொண்டிருந்த கேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காபியோடு வந்த செல்வியையும் பார்த்தார். கேபிளைத் தொடவே இல்லை.

"பெரிய கோளாறு தம்பி. சரியாவ நாளாவும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆகட்டும் முசியே. அவசரமே இல்லை.