காலணா போடாத கிராஸ் மாமா

மயிலாப்பூர்ப் பிச்சைக்காரர்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டுக்குத்தான் பயந்தார்கள். ஒன்று, அவர்களை அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிடும் லாரி. இன்னொன்று, எங்கள் கிராஸ் மாமா. லாரியிலாவது ஏறி உட்கார்ந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கிராஸ் மாமாவிடம் சிக்கினால் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நாலு வருஷம் அடுத்த அறையில் இருந்தும் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. லஸ் பக்கத்தில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. வக்கீல் கோர்ட்டில் செய்கிற குறுக்கு விசாரணையை இவர் காசு வாங்காமல் தெருவில் செய்வார். அதனால் கிராஸ். கல்யாணம் ஆகாதவர். 'பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைக் கிராஸ் செய்துவிட்டார்' என்று ஒரு வதந்தி உண்டு. நம்பலாம்.

நான் சொல்வது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. நானும் மனைவியைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டு, மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். உத்தியோகம், ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். குண்டு விழுமா விழாதா என்று தெரியாத ஊரில் ஆயுளுக்கு உத்தரவாதம் விற்றுக்கொண்டிருந்தோம்.

கீழ் போர்ஷனில் டீச்சரம்மா குடியிருந்தார். சாந்தோம் பக்கத்து மாதா கோயிலைச் சேர்ந்த பழைய கத்தோலிக்கக் குடும்பம். 'கிராஸ், கிராஸ்' என்று எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு, மாமா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டவர் என்று நினைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாமா தட்டைத் தொடாமல் ஆரம்பித்தார். "இதுல முட்டை உண்டா?"

"உண்டுங்க சார்."

"எத்தனை? இந்தத் துண்டுல மட்டும் எத்தனை?"

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கை நான் சாப்பிட்டேன். அதன் பிறகு அந்த அம்மாள் அவரை எங்கே கண்டாலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

மாமாவின் உண்மையான கோர்ட்டு மயிலாப்பூர்க் கோயில் குளக்கரை. தினம் காலையில் டிராமுக்கு நாங்கள் இருவரும் அந்த வழியாகத்தான் நடப்போம். ஒருநாள் கோயில் படியில் ஒரு குருட்டுப் பிச்சைக்காரன், "தொப்பைக்கார சாமி, தர்மம் போடுங்க!" என்று கத்தினான். மாமா நின்றார்.

"உனக்குக் கண்ணு தெரியாதுங்கறே. எனக்குத் தொப்பை இருக்கறது எப்படிடா தெரிஞ்சுது?"

"நாலு படி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குறியே சாமி!"

அந்தக் கேஸில் மாமாவுக்குத் தோல்வி. ஆனாலும் காசு போடவில்லை. யாருக்குமே போடமாட்டார். போடுகிறவர்களையும் விடமாட்டார். நான் ஒரு காலணாவை எடுத்தால் போதும், குடையால் என் கையைத் தடுப்பார்.

"ஓய், அந்தக் காலணா அவன் பசிக்கா, உம்ம மனசு அரிப்புக்கா?"

"இரண்டுக்கும்தான் மாமா."

"அவன் பசி சாயங்காலம் திரும்பி வந்துடும். உம்ம அரிப்பு நாளைக் காத்தால வரைக்கும் வராது. அப்போ யாருக்கு யார் தர்மம் பண்ணினது?"

இதற்குப் பதில் யோசிப்பதற்குள் டிராம் போய்விடும். மாதத்தில் நாலு நாள் ஆபீஸுக்கு நேரம் கழித்துப் போனேன்.

ஒரு கிழவியிடம் மாமா அரைமணி நேரம் நின்று, எந்த ஊர், எத்தனை பிள்ளை, மருமகள் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் தன் தகரக் குவளையில் கையை விட்டு ஒரு காலணாவை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"இந்தா சாமி, இத்த வெச்சிக்கினு போய்டு. நீ நின்னுக்கினு கீறவரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

மயிலாப்பூரில் பிச்சைக்காரியிடம் பிச்சை பெற்ற ஒரே மனிதர் எங்கள் மாமாதான். இதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸில் ஒரு மாதம் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் வெள்ளைச்சாமி வந்து உட்காருகிற வரைக்கும்தான்.

அவன் பெயர் வெள்ளைச்சாமி என்று அப்போது எனக்குத் தெரியாது. குளத்தின் கிழக்கு மூலையில் ஒரு மண்டபத்துக்கு வெளியே ஒரு மனிதன் உட்கார ஆரம்பித்தான். நாற்பது வயது இருக்கும். கை நீட்டமாட்டான், வாய் திறந்து கேட்கமாட்டான். போகிற வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பான், அதுவும் பெண்களின் முகங்களை. அதற்காக இரண்டு பேர் அவனை அடிக்கக்கூடப் போனார்கள். பிறகு ஆளின் கோலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, முன்னால் விரித்திருந்த துண்டில் காசு போட ஆரம்பித்தார்கள். நானும் போட்டேன். தினமும். மாமா குடையை எடுப்பதற்குள் போட்டுவிடுகிற அளவுக்குக் கை தேறியிருந்தது.

மாமா வழக்கம்போல் விசாரணையைத் தொடங்கினார். நாலு நாள் அவன் பதிலே சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மாலை மாமா என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"உடம்பு சரியில்லையா மாமா?"

"அவன் பிச்சைக்காரன் இல்லை ஓய். காத்துண்டிருக்கான்."

சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமம் அவனுக்கு. பெண்டாட்டி அங்கம்மாளோடு ரங்கூனுக்குப் போய், அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கப்பலேறுவதற்காகச் சென்னைக்கு வந்தபோது, இரண்டு பேரும் மயிலாப்பூருக்கு வந்து சாமி கும்பிட்டுவிட்டு, இந்தக் குளக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். சென்னையில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடம் அது. ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்தபோது, கூட்டத்தில் பிரிந்துபோனால் என்ன செய்வது என்று அவள் கேட்டாளாம். "மயிலாப்பூர்க் குளத்தாண்ட வந்து நில்லு. நான் இருப்பேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். மறுநாளே பிரிந்துவிட்டார்கள். இவன் காட்டுவழியாக நடந்தே வந்து சேர்ந்தான். அவள் வரவில்லை.

அதிலிருந்து மாமா வேறு மனிதராகிவிட்டார். தினம் ஒரு ஆபீஸுக்கு மனு எழுதினார். கப்பல் கம்பெனிக்கு, கலெக்டருக்கு, அகதிகள் தங்கியிருந்த முகாம்களுக்கு. பதில் ஒன்றும் வரவில்லை. வக்கீலைப் பிடித்து அடையாற்றில் ஒரு பங்களாவில் வாட்ச்மேன் வேலைக்கு ஏற்பாடு செய்தார். தங்க இடம், இரண்டு வேளைச் சாப்பாடு. நானும் கூடப் போய்ச் சொன்னேன்.

வெள்ளைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். "அடையாறு தூரமுங்கய்யா. நா அங்கிட்டுப் போன நேரத்துல அவ வந்து பாத்துட்டுப் போயிட்டா?"

"எங்களிடம் சொல்லிவிட்டுப் போயேன், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன்.

"அவ மொகம் ஒங்களுக்குத் தெரியாதுங்களே."

மாமா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் தினமும் காலையில் அவன் பக்கத்தில் பத்து நிமிஷம் குந்தி உட்கார்ந்து பேசுவார். மில்லைப் பற்றி, அங்கம்மாள் வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி. வெங்காயம்கூடத் தொடாத மனிதர், கருவாட்டுக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் என் காசைப் போட்டுவிட்டு டிராமுக்கு ஓடுவேன்.

"நீங்களும் ஒரு காலணா போட்டால்தான் என்ன மாமா? ஆள் இளைத்துக்கொண்டே போகிறான்" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் போட்டா அவன் என்கிட்ட இப்படிப் பேசமாட்டான் ஓய். கும்பிட ஆரம்பிச்சுடுவான்."

அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. டிராம் நின்றது, ஆபீஸ் மூடியது, மந்தைவெளித் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியிலிருந்து இறங்க வழியில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். இறங்கியிருக்கலாம். நாலாம் நாள் காலையில் குளக்கரைப் பூக்காரி அதே தண்ணீரில் நடந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாளே!

"சாமி, அந்த ரங்கூன்காரன் கூப்ட்டா எந்திரிக்க மாட்டேங்கறான். நேத்திக்கெல்லாம் ஜொரத்துல பொலம்பிக்கினு இருந்தான். நீ வந்து பாரு."

மாமா குடையைக்கூட எடுக்கவில்லை.

மண்டபத்து ஓரத்தில் சுருண்டு கிடந்தான். உயிர் எப்போதோ போயிருந்தது. பிணவண்டிக்காரன் பெயர் கேட்டான். ஒரு வருஷத்துக்கு மேலாகக் காசு போட்ட நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். கதையைக் கேட்டிருந்த எனக்குக்கூட அவன் பெயர் தெரியவில்லை; மற்றவர்களுக்கு ரங்கூன்காரன் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. மாமாதான் சொன்னார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பெண்டாட்டி பெயர் எல்லாம்.

இடுப்பில் ஒரு முடிச்சு இருந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் நாங்கள் போட்ட காசு. உயிர் தரிக்க வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே வைத்திருந்தான்.

"ரெண்டு பேருக்கு ஊருக்கு டிக்கெட்டுன்னு சொல்லிக்கினு இருந்தான் சாமி" என்றாள் பூக்காரி. "ஒருவேளதான் துண்ணுவான்."

இது மாமாவுக்கும் தெரியாது. அத்தனை கேள்வி கேட்டவர், 'சாப்பிட்டியா' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும்.

சுடுகாட்டில் கொள்ளி வைக்க யார் என்று வெட்டியான் கேட்டபோது மாமா முன்னால் போனார். அக்கிரகாரத்து ஆசாரம் பார்க்கிற எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் இதைக் கேள்விப்பட்டுக் கிணற்றில் அவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார். டீச்சரம்மாதான் தினம் தெருக் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்தார்.

அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் மாமா ஒரே ஒரு முறைதான் பேசினார். "நீர் காசு போட்டீர். நான் பேச்சுக் கொடுத்தேன். மழை வந்ததும் ரெண்டு பேருமா கதவைச் சாத்திண்டோம்."

மறுநாளிலிருந்து அவர் கொஞ்சம் கூடுதலாகச் சமைக்க ஆரம்பித்தார். ரேஷன் அரிசி, கல்லும் புழுவும் பாதி. அதில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு ஒரு தூக்கில் எடுத்துப்போய்க் குளக்கரையில் யார் இருந்தாலும் கொடுத்துவிடுவார். பிறகு அந்தக் கிழக்கு மூலையில் நிற்பார். காலையில் ஒரு மணி நேரம், கோர்ட்டு விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை. மூட்டையோடு தனியாக ஒரு பெண் வந்தால் போதும், கிட்டே போய், "ரங்கூனாம்மா?" என்பார். எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் என்பதற்குக் கணக்கில்லை. ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி அதே இடத்தில் போய் நின்றார்.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஒரு சனிக்கிழமை மாலை நானும் அவரோடு நின்றுகொண்டிருந்தேன். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெட்டியை இறக்கிவிட்டு, கரையில் இருந்த ஒவ்வொரு ஆணின் முகமாகப் பார்த்தாள்.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லப் போனார்.

"அங்கம்மாளா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க? அவுக எங்க?"

மாமா சொன்னார். அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். மாமா தன் பையிலிருந்து அந்த முடிச்சை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். இரண்டு வருஷமாக ஒரு காசு எடுக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். அவள் பிரித்தாள். காசுகளைப் பார்த்தாள்.

"இம்புட்டையும் முடிஞ்சு வச்சிருக்காகளே," என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. "அப்ப எதைத் தின்னாக? பட்டினியாவா கெடந்தாக?"

எனக்குத் தலை நிமிரவில்லை. மாமா அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"இல்லேம்மா. சாப்பாடு நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். தினமும், ரெண்டு வேளையும். அதனாலதான் காசு செலவாகலை."

"நெசமாவா சாமி?"

"உன் கருவாட்டுக் குழம்பு மாதிரி வராதுன்னு சொல்லிண்டேதான் சாப்பிடுவார்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று டீச்சரம்மா வீட்டில் அவளைத் தங்க வைத்து, மறுநாள் எழும்பூரில் ரயிலேற்றிவிட்டோம். அந்த முடிச்சிலிருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒரு டிக்கெட் எடுத்தோம்.

ரயில் போன பிறகு மாமா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிராமில் கூட்டம் வழிந்தது. இரண்டு பேரும் அப்படியே மந்தைவெளிவரை நடந்தே வந்தோம். வீடு வரும்வரை நான் கையை விடவில்லை.