எனக்கு வந்த நாகதோஷம்

நான் பாம்புக்குப் பயப்படுகிறவன் அல்ல. பாம்பு இருக்கிற இடத்தில் நான் இருப்பதில்லை, அவ்வளவுதான். கிள்ளானில் குடியேறிய நாளிலிருந்து கட்டிக்காத்து வந்த இந்தக் கொள்கையில் கைவைத்தது என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி.

தப்பு என் பேரில்தான். காப்பார் செம்பனைத் தோட்டத்தில் ஒரு மலைப்பாம்பை வெறுங்கையால் பிடித்துக் காட்டில் விட்டதாக மகள் விஷ்ணுப்ரியாவிடம் முன்பு கதை விட்டிருந்தேன். சோறு ஊட்டும்போது பிள்ளை வாயைத் திறக்கட்டும் என்று சொன்னது. அவளானால் அந்த வாயைப் பள்ளியிலும் திறந்துவிட்டாள்.

பள்ளியில் ஊர்வன நாள் வந்தது. உடும்பைக் கண்டால் கல்லைத் தேடுகிற பிள்ளைகளுக்கு நம் நாட்டுப் பாம்பையும் உடும்பையும் ஆமையையும் பக்கத்தில் காட்டி, தொடவைத்து, மரியாதை கற்றுக்கொடுப்பார்களாம். நல்ல விஷயம். ஆனால் அதை நடத்த வரும் பாலன் என்ற இளைஞர் ஒரு விதி வைத்திருந்தார். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படக் கற்றுக்கொள்கிறார்களாம். அதனால் முதலில் ஓர் அப்பா பாம்பைக் கையில் வாங்க வேண்டும். எந்த அப்பா என்பதில் வகுப்பில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பயம் என்று ஒப்புக்கொண்டால் மகள் முகம் வாடிவிடும். அதைப் பார்க்க என்னால் முடியாது. முதுகுவலி என்றால் என் மனைவி தாமரை தைலத்தோடு வந்து நிற்பாள். ரொம்ப யோசித்ததில், யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒரு காரணம் அகப்பட்டது.

"தாமரை, பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம சபாபதி ஜோசியரப் போயி பாத்தேன். எனக்கு நாகதோஷமாம். பாம்பத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

"எப்பப் பாத்தீங்க?"

"நேத்து. வேல முடிஞ்சு வரும்போது."

"நேர்லயா?"

"பின்ன? கட்டம் போட்டே காட்டுனாரு."

"அப்ப சும்மா விடக்கூடாதுங்க. விரதம் இருந்துதான் ஆகணும்."

அவள் குரலில் அத்தனை அக்கறை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து மீன் இல்லை, கோழி இல்லை, ஆட்டுக்கறி வாசமே இல்லை. அதாவது எனக்கு இல்லை. தட்டில் பாகற்காய் வந்தது. பிறகு வெண்டைக்காய். ஒரு மாறுதலுக்கு மறுபடியும் பாகற்காய். காலையில் ரொட்டி சானாய்க்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி. நாகராஜாவுக்கும் ஓட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தோஷத்தோடு விளையாடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் புற்றுக்கோயிலைச் சுற்ற வேண்டும். அதுவும் வேகமாகச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் அடிமேல் அடிவைத்துச் சுற்ற, நான் மட்டும் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினேன். புற்றின் ஓட்டையைத் தாண்டும்போதெல்லாம் வேகம் தானாகவே கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காஜாங்குக்குப் போனோம். அங்கே கிடைக்கும் சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்ட கறி, என் பலவீனம். டாக்டர் முகம் சுளித்தும் நான் விடாதது அது ஒன்றுதான். அன்று தாமரையும் மகளும் குச்சி குச்சியாக எடுத்துக் கடலைக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டார்கள். கூட வந்த வெள்ளரிக்காய் என் பங்கு. அடுப்புப் புகையும் என் பக்கமே அடித்தது. அங்கேயே உடைந்துவிட்டேன்.

"ஜோசியர் போன் பண்ணாரு. தோஷம் விலகிருச்சாம்."

"அதுக்குள்ளயா? விஷ்ணு, அப்பா பாம்பப் பிடிக்கலாமாம்."

மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போன தோஷத்தை அதற்குப் பிறகு திரும்பக் கூப்பிட முடியவில்லை. சாத்தேயில் கைவைக்கப் போனேன். தோஷம் விலகியதற்கு நன்றியாக ஊர்வன நாள் வரை விரதம் தொடரும் என்று தட்டை நகர்த்தி வைத்தாள் தாமரை.

அந்த நாளும் வந்தது. பாலன் துணிப்பையிலிருந்து மலைப்பாம்பை எடுத்தார். குட்டிதான் என்றார். குட்டி என் ஒரு கையில் தொடங்கி மறு கையில் முடிந்து, மிச்சம் வயிற்றுப்பக்கம் தொங்கியது. என் முகத்தை மொத்தப் பள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது விஷ்ணுப்ரியா வந்து என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"இறுக்காதீங்கப்பா. கீழ தாங்குனா போதும். அது உங்கள விட பயந்துபோயிருக்கு."

அதற்கு வாய்ப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடியைத் தளர்த்தினேன். பாம்பு வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, குளுகுளுவென்று இருந்தது. நாக்கை நீட்டி என்னை விசாரித்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கிவிட்டது. கல்லெறிகிற அதே கூட்டம் வரிசையில் வந்து, மூச்சுக் காட்டாமல் இரண்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தது. மகள் முகத்தில் அவ்வளவு பெருமை. பழைய பொய் ஒருவழியாக உண்மையாகிவிட்டதில் எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"விரதம் முடிஞ்சிருச்சு. காஜாங் போலாம்லா?"

தாமரை கைப்பேசியை நீட்டினாள். தஞ்சாவூரில் தன் மகள் கல்யாணப் பந்தலில், பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார் சபாபதி ஜோசியர்.

"இவரு ஊருக்குப் போயி ரெண்டு மாசமாச்சுங்க. கட பூட்டித்தான் கெடக்கு."

"தெரிஞ்சேவா என்னப் பாகற்காய் திங்க வச்ச?"

"கொலஸ்ட்ரால் கூடிருச்சு, வாயக் கட்டுங்கன்னு டாக்டர் சொன்னாரு, கேட்டீங்களா? நான் சொன்னேன், கேட்டீங்களா?"

கெஞ்சினேன். எப்படியோ தோஷம் போய்விட்டதே, இன்று ஒரு நாள் மட்டும் என்றேன்.

"திங்கக்கிழம ரத்தப் பரிசோதன இருக்கு," என்றாள் தாமரை. "ரிசல்ட் வர்ற வரைக்கும் தோஷம் இருக்கட்டும்."