அரங்கசாமி கயாவில் விட்ட காய்

கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அதில் கத்திரிக்காய்க் குழம்பு இருந்தது. கீழே தட்டில் சுடுசோற்றின் நடுவே குழி பறித்து வைத்துக்கொண்டு அரங்கசாமி காத்திருந்தார்.

"ஏனுங்க," என்றாள் ரங்கம்மாள். "கயாவுல எந்தக் காயை விட்டீங்க?"

அரங்கசாமி வாயைத் திறந்தார். திறந்த வாயை வீணாக்க வேண்டாமென்று ஒரு கொட்டாவி விட்டார்.

காசிக்குப் போகிறவர்கள் அப்படியே கயாவுக்கும் போய், செத்துப்போன பெரியவர்களுக்குப் பிண்டம் வைப்பார்கள். அங்கே ஆலமரத்தடியில் ஏதாவது ஒரு காயை ஆயுசுக்கும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி விட்டுவிட்டு வர வேண்டும். அதுவும் பிடித்த காயாக இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். பாகற்காயை விட்டுவிட்டு வருவது நடைமுறை. இதுவரை கயாவில் விடப்பட்ட பாகற்காய்களைக் குவித்து வைத்திருந்தால் இமயமலைக்கு ஒரு தம்பி பிறந்திருப்பான்.

அரங்கசாமி சிங்காநல்லூரில் முப்பத்தைந்து வருஷம் மோட்டார் பட்டறை நடத்தியவர். பட்டறையை மகன் தேஜாவிடம் கொடுத்துவிட்டு, முப்பத்திரண்டு பேர் சேர்ந்த ஒரு குழுவோடு பத்து நாள் காசி யாத்திரை போய் வந்தார். முழங்கால் வலியால் ரங்கம்மாள் போகவில்லை. அவர் திரும்பி வந்து ஐந்து நாளாகிறது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கயாவைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது.

"ஆலமரத்தடியில கண்ணை மூடுனனுங்க. நெத்தியில ஜில்லுனு ஒரு காத்து வந்து மோதுச்சு. அந்த வெயில்ல ஏதுங்க காத்து? அது மனுசக் காத்தில்லைங்க."

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் காற்று கொஞ்சம் குளிர்ந்துகொண்டே வந்தது. பதினோராவது முறை கேட்ட பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"காத்து ஞாபகம் இருக்குது, காயி ஞாபகம் இல்லையாக்கும்?" என்றாள் ரங்கம்மாள்.

"அன்னைக்குக் காச்சல் ரங்கம்மா. மாத்திரை போட்டிருந்தன். பத்து நாள்ல பதினெட்டுக் கோயிலு. எதுல எதைச் சொன்னன்னு எப்படி ஞாபகம் இருக்கும்? நீ ஊத்து."

"விட்ட காயைத் தின்னுபோட்டா மாமனாருக்கு வெச்ச பிண்டம் வீணாப்போயிருமுங்க."

கரண்டி சட்டிக்கே திரும்பிப் போனது.

மாமனார் உயிரோடு இருந்தபோது அவருக்கும் ரங்கம்மாளுக்கும் பேச்சுவார்த்தை குறைவு. ஆனால் அவர் நல்ல கதி அடைவதில் அவள் மிகவும் உறுதியாக இருந்தாள். எங்கே திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயமும் காரணமாக இருக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் அரங்கசாமி லட்சுமிநாராயணனுக்குப் போன் போட்டார். லட்சுமிநாராயணன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணம் முழுக்க அரங்கசாமிக்குப் பக்கத்து இருக்கை. எல்லாவற்றையும் மணி நிமிஷத்தோடு சொல்பவர்.

"பத்து நாப்பதுக்கு சார். நான் உங்க வலது பக்கம் நிக்கறேன். அங்க இருந்த புரோகிதர் எந்தக் காய்னு கேட்டாரு. நீங்க கணீர்னு 'வெண்டைக்காய்'னீங்க. எனக்கே ஆச்சரியம். வெண்டைக்காயை விட ஒரு மனசு வேணுமில்லையா?"

அரங்கசாமிக்கு உயிர் வந்தது. வெண்டைக்காய் போனால் போகிறது. கத்திரிக்காய் பிழைத்தது. சமையலறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னார். அப்போதே குழம்பை ஊற்றி வாங்கியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் "வேணும்னா சென்னியம்மாளைக் கேட்டுப் பாரு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ரங்கம்மாள் கேட்டே பார்த்தாள். சென்னியம்மாள் யாத்திரையில் முன்வரிசை இருக்கைக்காரி. போன் சத்தமாகவே வைக்கப்பட்டிருந்தது.

"கத்திரிக்காய்தானுங்க அக்கா விட்டாரு. சொல்லும்போது அண்ணனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. நாந்தான் முந்தானையைக் குடுத்துத் தொடைக்கச் சொன்னேன்."

"நான் அளுகவே இல்லை," என்றார் அரங்கசாமி.

"கத்திரிக்காய்னா நீங்க அளுகற ஆளுதான்," என்றாள் ரங்கம்மாள். பிறகு, "எல்லாரும் அனுப்புன போட்டோவைப் பாத்தனுங்க. கயா போட்டோ ஒண்ணுலகூட உங்களைக் காணமே?" என்றாள்.

"நான் பக்தியில இருந்தேன். போட்டோவுக்கு நிக்கறவனெல்லாம் பக்தனா?"

ஆக, கத்திரிக்காயும் வெண்டைக்காயும் நிறுத்தப்பட்டன. விசாரணை முடியும்வரை.

தேஜா மாலையில் பட்டறையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டான். "இதுக்கு எதுக்குங்க நைனா இத்தனை கஷ்டம்? யாத்திரை குரூப்புல ஒரு ஓட்டெடுப்பு வெச்சரலாம். பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான்."

அரங்கசாமிக்கும் அது நியாயமாகப் பட்டது. நாட்டையே அப்படித்தானே நடத்துகிறோம். வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போனது. அரைமணி நேரத்தில் முடிவு வந்தது.

கத்திரிக்காய் எட்டு. வெண்டைக்காய் ஐந்து. முருங்கைக்காய் ஐந்து. அவரைக்காய், பூசணி, உருளைக்கிழங்கு, சுரைக்காய், பீர்க்கங்காய் என்று மற்றவை சிதறிக் கிடந்தன. ஒருவர் ஆட்டுக்கறி என்று போட்டிருந்தார். ஓட்டோடு சேர்த்துச் சாட்சியமும் வந்தது. அரங்கசாமி உருளைக்கிழங்கை விட்டபோது மரத்திலிருந்து ஓர் இலை அவர் தலையில் விழுந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். பூசணியை விட்டபோது குரங்கு ஒன்று வந்து அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியதாக இன்னொருவர். அரங்கசாமி மூக்குக் கண்ணாடி போடுவதில்லை.

"பாருங்க, கத்திரிக்காய்தான் ஜாஸ்தி," என்றான் தேஜா.

"ஓட்டுல தோத்துட்டா மத்ததெல்லாம் பொய்யாயிருமா கண்ணு?" என்றாள் ரங்கம்மாள். "எட்டுப் பேரு சொன்னதும் நெசமா இருக்கலாம், ஒருத்தரு சொன்னதும் நெசமா இருக்கலாம். நம்ம எதுக்கு வம்பு."

பட்டியலில் பதினான்கு காய்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அன்று முதல் தடை. ஆட்டுக்கறிக்கும்தான். மொத்தக் குழுவில் ஒருவர்கூடச் சொல்லாத காய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது புடலங்காய். அரங்கசாமி புடலங்காயைத் தொடமாட்டார் என்பது கூட யாத்திரை வந்த மற்ற முப்பத்தொரு பேருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், புடலங்காய்த் துவையல். அரங்கசாமி அவற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு வேளையும் தயிர் ஊற்றிச் சோற்றை மலையாகச் சாப்பிட்டார். பட்டியலில் உள்ள எதையும் ரங்கம்மாளும் தொடவில்லை. அவள் எதையும் விட்டவள் இல்லை. "உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்குங்க" என்றாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் கத்திரிக்காய் சாப்பிட்டிருந்தால் திருடியாவது தின்றிருக்கலாம்.

வாரக் கடைசியில் அவருக்கு வழக்கமான சர்க்கரைப் பரிசோதனை. டாக்டர் சாஜிதா பேகம் முடிவைப் பார்த்தார், அரங்கசாமியைப் பார்த்தார், மறுபடியும் முடிவைப் பார்த்தார்.

"இந்த அளவு சக்கரையை வெச்சு ஒரு கல்யாணத்துக்குப் பாயசம் காச்சலாமுங்க. காயி சாப்பிடறீங்களா இல்லையா?"

அரங்கசாமி கதையைச் சொன்னார். காற்றையும் சேர்த்தே சொன்னார்.

"உங்க சாமி விஷயத்துல நான் வரலீங்க," என்றார் டாக்டர். "ஆனா இப்படியே வெறும் சோத்தைத் தின்னுட்டு இருந்தீங்கன்னா, எந்தக் காயை விட்டீங்கன்னு சீக்கிரமே உங்கப்பாருகிட்ட நேர்லயே கேட்டுக்கலாம்."

வெளியே வந்ததும் ரங்கம்மாள் அழுதுவிட்டாள். மாமனாரின் கதியா, புருஷனின் சர்க்கரையா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. "கொடுமுடிக்குப் போயிப் பாக்கலாமுங்க," என்றாள் கடைசியில். "காவேரிக்கரையில காரியம் பண்ணி வெக்கறவங்க இருப்பாங்க. இதுக்கு ஏதாவது பரிகாரம் சொல்லுவாங்க."

தேஜா காரை எடுத்தான். கொடுமுடி ஆற்றங்கரையில் இருந்த புரோகிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இப்படி ஒரு வழக்கு அவரிடம் வந்ததில்லை.

"சுலபம்தான்," என்றார். "இங்க புதுசா ஒரு காயை விட்டுருங்கோ. இதைத் தெளிவா ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

"புடலங்காய்," என்று முழங்கால் தண்ணீரில் நின்றபடி அரங்கசாமி உடனே சொன்னார்.

"அப்ப அங்க விட்டது என்னாகுமுங்க சாமி?" என்றாள் கரையில் நின்ற ரங்கம்மாள்.

"விட்டது விட்டதுதான். அது தனி."

"அது எதுன்னுதானுங்களே தெரியலை?"

புரோகிதர் யோசித்தார். அவர் யோசிக்காமல் இருந்திருக்கலாம். "தெரியாதபட்சத்துல, எதெதுல சந்தேகமோ அதையெல்லாம் மொத்தமா விட்டுடறது உத்தமம். அப்பறம் குழப்பமே வராது பாருங்கோ. புடலங்காய் உங்களுக்கு இருக்கட்டும்."

"அப்பச் சக்கரைக்குப் புடலங்காய் போதுமுங்களா?" என்றாள் ரங்கம்மாள்.

"புடலங்காய் சர்க்கரைக்கு ரொம்ப விசேஷம்," என்றார் புரோகிதர்.

மாமனாரும் கரையேறினார், டாக்டரும் சமாதானமானார். ரங்கம்மாளின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல அரங்கசாமியால் முடியவில்லை. கரையில் வேறு காரியத்துக்கு வந்திருந்த நாற்பது பேர் தங்கள் காரியத்தை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேஜா போனைப் பார்த்துப் பட்டியலை வாசித்தான். ஒவ்வொரு காய்க்கும் ஒரு கை காவேரித் தண்ணீரை அள்ளி விட்டார் அரங்கசாமி. அவரைக்காய் போனது. பூசணி போனது. சுரைக்காய் போனதில் பெரிய வருத்தமில்லை. முருங்கைக்காயை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கத்திரிக்காய் வந்தபோது தண்ணீர் கையிலேயே நின்றது. "ம்," என்றாள் ரங்கம்மாள். விட்டார். கன்னத்தில் வழிந்ததை ஆற்றுத் தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டுக் காசி விருந்து. யாத்திரை போய் வந்தவர்கள் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு கங்கைச் செம்பு கொடுத்தால்தான் யாத்திரை முடிந்ததாக அர்த்தம். சமையலுக்கு அங்கப்பனைச் சொல்லியிருந்தார்கள். அந்தியூர்க்காரர். யாத்திரைக் குழுவோடு பத்து நாளும் கூடவே வந்து சமைத்துப் போட்டவர் அவர்தான்.

முதல் பந்தியில் நடு இலை அரங்கசாமிக்கு. வலது பக்கம் லட்சுமிநாராயணன், இடது பக்கம் சென்னியம்மாள். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார் கேட்கவே, அரங்கசாமி கயாவை ஆரம்பித்தார். புடலங்காய் தின்று தின்று மனிதர் இளைத்திருந்தாலும் கதை நன்றாகப் பெருத்திருந்தது. காற்றோடு இப்போது லேசாகச் சந்தன வாசமும் வந்தது.

"கூடவே ஒரு மணிச் சத்தமும் கேட்டுச்சு சார்," என்றார் லட்சுமிநாராயணன். "பத்து நாப்பத்தொண்ணுக்கு."

"எனக்கு ரெண்டு மணிச் சத்தமுங்க," என்றாள் சென்னியம்மாள்.

அங்கப்பன் கத்திரிக்காய்க் குழம்பு வாளியோடு வரிசையில் வந்தார். மணம் அவருக்கு முன்னால் வந்தது. அரங்கசாமி இலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே நீட்டி மறித்தார்.

"ஏனுங்கண்ணா, காச்சலெல்லாம் தேவலைங்களா?" என்றார் அங்கப்பன். இலையைப் பார்த்தார். சோறு, தயிர், புடலங்காய்க் கூட்டு. "என்னுங்க இது, விருந்து வெக்கறவரு எலை இப்படி வெறிச்சோன்னு கெடக்குது? பயணத்துல எங்கொழம்பை நாலு தடவை கேட்டு வாங்குவீங்களே?"

"அவரு இனிமே சாப்பிட மாட்டாரு," என்றார் லட்சுமிநாராயணன், தானே விட்டதுபோன்ற பெருமையோடு. "கயாவுல விட்டாரில்ல? நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே நின்னோம். எதை விட்டாருன்னு ஒரு சின்னச் சந்தேகம் வந்துருச்சு. அதனால கொடுமுடியில ஆத்துல நின்னு பதினாலு காயையும், ஆட்டுக்கறியையும் சேத்து ஆயுசுக்கும் விட்டுட்டாரு."

சம்பந்தி வீட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோர்ச் செம்போடு நின்ற ரங்கம்மாள், இத்தனை பேர் முன்னால் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அரங்கசாமியும் தலையைச் சற்றே குனிந்து அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டார். பதினான்கு காய் கொடுத்து வாங்கிய பெருமை அது.

அங்கப்பன் வாளியைக் கீழே வைத்தார். லட்சுமிநாராயணனைப் பார்த்தார், சென்னியம்மாளைப் பார்த்தார், அப்புறம் அரங்கசாமி பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணா," என்றார். "அன்னைக்கு முச்சூடும் உங்களுக்குத் துணைக்கு நாந்தானுங்க உக்காந்திருந்தேன். கயாவுல நீங்க பஸ்ஸ விட்டு எறங்கவே இல்லீங்களே."